இலைப் பாவாடையும் அப்பாயி பாட்டும்

திருச்சியில் படிக்கும் யாரிடமாவது "உங்க காலேஜ்ல கல்ச்சுரல்ஸ் எப்போ?" என்று கேட்டுப் பாருங்கள். செமஸ்டர் தேதி தெரியாதவனுக்குக்கூட இதற்குப் பதில் தெரிந்திருக்கும். ஊர் அப்படி. நாகப்பட்டினத்தில் 1844-இல் ஆரம்பித்து 1883-இல் திருச்சிக்கு வந்த செயின்ட் ஜோசப், 1919-இல் தொடங்கிய நேஷனல், 1923-இல் வந்த ஹோலி கிராஸ், 1951-இல் வந்த ஜமால் முகமது என்று தடுக்கி விழுந்தால் ஒரு கல்லூரி. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த ஊர். எந்நேரமும் எந்திரத்தோடு மல்லுக்கட்டும் என்.ஐ.டி.யிலேயே 1975-இலிருந்து 'ஃபெஸ்டெம்பர்' என்று ஒரு கலைவிழா நடக்கிறது. அப்படியிருக்க, கலைக்கல்லூரிகளைப் பற்றிக் கேட்க வேண்டுமா என்ன? முத்தமிழ் விழா, இலக்கிய மன்றத் தொடக்க விழா, துறை விழா, கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகள்... ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை ஏதாவது ஓர் அரங்கத்தில் மைக் "செக்... செக்..." என்று இருமிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கட்டுரை அந்த மைக்கைப் பற்றியது அல்ல. மைக்குக்கு முன்னால் நின்ற ஒரு பையனைப் பற்றியது. பெயர் வேண்டாம். எந்தக் கல்லூரி என்பதும் வேண்டாம். ஏனென்றால் அவனுக்கு நடந்தது எந்தக் கல்லூரியிலும் நடக்கக்கூடியதுதான். பி.ஏ. தமிழ் இலக்கியம். ஊர் பச்சைமலை.

பச்சைமலை தெரியாதவர்களுக்கு: திருச்சியிலிருந்து வடக்கே துறையூர் போய், சோபனபுரம் வழியாக மலையேற வேண்டும். திருச்சி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை. சுமார் 500 முதல் 1000 மீட்டர் உயரம். ஊட்டி மாதிரி நடுங்க வைக்காது, திருச்சி மாதிரி வேகவும் வைக்காது. மங்களம் அருவி, மயிலூற்று என்று ஞாயிற்றுக்கிழமை பைக் கோஷ்டிகளுக்குத் தெரிந்த இடங்கள் சில உண்டு. அவர்களுக்குத் தெரியாதது, அந்த அருவிகளுக்கு அப்பாலும் வண்ணாடு, தென்புறநாடு என்று 'நாடு'களாக ஊர்கள் இருக்கின்றன, அங்கே தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்கிறார்கள் என்பது.

அந்த மக்களின் பெயரில்தான் முதல் கூத்து ஆரம்பித்தது.

அவனுடைய சாதிச் சான்றிதழில் 'மலையாளி' என்று இருக்கும். மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்று பொருள். கேரளாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள், அவர்கள் வழி வந்தவர்கள்தான் தாங்கள் என்று சேர்வராயன் மலையிலும், கொல்லிமலையிலும், பச்சைமலையிலும் கதை சொல்வார்கள். எந்த மலைக்குப் போனவர் மூத்தவர் என்பதில் மட்டும் மலைக்கு மலை கதை மாறும் (அவரவர் மலைதான் அண்ணன் மலை!). எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதி நூலிலும் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது.

இதெல்லாம் முதலாமாண்டு வகுப்பில் யாருக்குத் தெரியும்? விண்ணப்பத்தில் எட்டிப் பார்த்த ஒருவன் "மச்சான், நீ மல்லுவா?" என்றான். அவ்வளவுதான். ஓணம் வந்தபோது பூக்கோலம் போட அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். "எனக்கு மலையாளம் தெரியாதுடா" என்று சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மூன்றாவது முறை விளக்கம் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் வாங்கிக் கொடுத்த பாயசத்தைக் குடித்துவிட்டு வந்தான். அதுவரைக்கும் வேடிக்கைதான்.

இரண்டாமாண்டு செப்டம்பரில் ஒரு நோட்டீஸ் வந்தது. வேறொரு கல்லூரியில் போட்டிகள். மைம், அட்ஜாப், பட்டிமன்றம், கவிதை, நாட்டுப்புறக் குழு நடனம். குழுவில் எட்டுப் பேர், ஆறு நிமிடம். "ஓவரால் ஷீல்டு" வாங்க வேண்டுமென்றால் குழு நடனத்தில் பாயின்ட் எடுத்தே ஆகவேண்டும். கரகம் போன வருடமே ஆடியாயிற்று. ஒயிலாட்டத்தை வேறு டீம் எடுத்துவிட்டது. உடனே யாருக்கோ பொறி தட்டியது.

"டேய், மலைவாசி டான்ஸ் போட்ருவோம். நம்மகிட்டதான் ஒரிஜினலே இருக்கே!"

ஒரிஜினல் என்று அவர்கள் கைகாட்டியது இவனை.

திடீரென்று அவனுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. இரண்டு வருடமாகக் கடைசி பெஞ்சில் இருந்தவனை நடுவில் உட்கார வைத்து ஸ்டெப் கேட்டார்கள். அவன் தன் ஊர்த் திருவிழாவில் ஆடுவதை ஆடிக் காட்டினான். மேளத்துக்கு ஏற்ப வட்டமாகச் சுற்றி வருவது. காலடி மெதுவாக விழும். ஒரே அடியை அரை மணி நேரம்கூட மாற்றாமல் போடுவார்கள். ஆடுகிறவர்களுக்குத்தான் அதில் சுகம், பார்க்கிறவர்களுக்கு இல்லை.

"இது செட் ஆகாது மாப்ள. ஜட்ஜு தூங்கிடுவாரு."

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒரு சினிமாப் பாட்டின் தாளம் வந்தது. அட்டையில் ஈட்டி வந்தது. முகத்துக்குக் கறுப்பு மை வந்தது. இடுப்பில் கட்ட மாந்தழையும் அசோக இலையும் வந்தன. "எங்க ஊர்ல யாரும் இலை கட்ட மாட்டாங்கடா. வேட்டி சட்டைதான். அப்பாயி நூல்சேலை கட்டும்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "வேட்டி சட்டையில ஆடினா அது மலைவாசின்னு எப்படித் தெரியும்?" என்று பதில் வந்தது. கேட்டவன் கெட்டவன் இல்லை. ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட இவனுக்குக் கடன் கொடுத்தவன். அவனுக்கு உண்மையாகவே அந்தச் சந்தேகம் இருந்தது.

அவன் இலையைக் கட்டிக்கொண்டான். ஆடினான். "ஹூ... ஹா..." என்று கத்தினான். இரண்டாம் பரிசு கிடைத்தது. கையில் ஒரு சான்றிதழும், செல்போனில் நாற்பது போட்டோக்களும் மிஞ்சின.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஸ்ரீரங்கம் பக்கம் போய்வருவோம். மார்கழியில் வைகுண்ட ஏகாதசித் திருநாள் நடக்கும்போது பகல் பத்து, இராப் பத்து என்று அரையர் சேவை நடக்கும். தலையில் கூம்பு வடிவக் குல்லாய், கையில் தாளம். திவ்யப் பிரபந்தத்தைப் பாடி, ஆடி, அபிநயிப்பார்கள். பகல் பத்தில் அர்ஜுன மண்டபம், இராப் பத்தில் ஆயிரங்கால் மண்டபம் என்று இடமும் முறையும் வகுக்கப்பட்டிருக்கிறது. பரம்பரையாகச் சில குடும்பங்கள் மட்டும் செய்கிற கைங்கரியம். அதே அடிகள் திரும்பத் திரும்ப வரும், மெதுவாகத்தான் போகும். ஆனால் "இது செட் ஆகாது, கொஞ்சம் ஸ்பீடு ஏத்துங்க" என்று எவரும் சொல்லிவிட முடியாது. எந்தக் கல்லூரி டீமும் அட்டையில் குல்லாய் செய்து மாட்டிக்கொண்டு ஆறு நிமிடத்தில் அரையர் சேவை போடத் துணியாது. போடவும் கூடாது.

அந்தக் கலைக்கு உரியவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியும். அதனால் அது பத்திரமாக இருக்கிறது. திருச்சியிலிருந்து வண்டியில் மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய மலையில் இருக்கும் ஆட்டத்துக்கு உரியவர்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் அதில் யார் வேண்டுமானாலும் இலை கட்டலாம். வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் இது சின்ன வித்தியாசமா?

சரி, கதைக்கு வருவோம். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனவன், அப்பாயியிடம் போட்டோவைக் காட்டினான். காட்ட வேண்டாம் என்றுதான் இருந்தான். பரிசு வாங்கிய பெருமையில் தங்கச்சி போட்டு உடைத்துவிட்டது. அப்பாயி செல்போனைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தது.

"இது யாரு சாமி, நீயா? என்ன வேசம் இது?"

"மலைக்காரங்க டான்ஸு அப்பாயி."

"எந்த மலையில இப்படி ஆடுறாங்க? எந்த நாட்டுக்காரங்க?"

கிண்டல் இல்லை. அப்பாயி நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. கொல்லிமலையா, கல்வராயன் மலையா என்று விசாரித்தது. தன்னைத்தான் எட்டுப் பேர் மேடையில் ஆடிக் காட்டியிருக்கிறார்கள் என்பது அதற்குப் புரியவே இல்லை. அவன் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். அன்றிரவு நாற்பது போட்டோக்களில் முப்பத்தொன்பதை அழித்தான். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டான், ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

பிப்ரவரியில் துறையில் ஒரு சொற்பொழிவு. இலக்கிய மன்றக் கூட்டங்கள் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அட்டெண்டன்ஸுக்காக உட்கார்ந்திருப்பார்கள், பின்வரிசை தூங்கும். அன்று பேசிய ஐயா நாட்டார் வழக்காற்றியலைப் பற்றிப் பேசினார். நா. வானமாமலை, கி. ராஜநாராயணன், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை என்று போய்க்கொண்டிருந்தவர், சட்டென்று அயர்லாந்துக்குத் தாவினார்.

அயர்லாந்தில் 1935-இல் அரசே நாட்டார் வழக்காறுகளைச் சேகரிக்க ஓர் ஆணையம் அமைத்தது. அந்த ஆணையம் 1937-இலிருந்து 1939 வரை ஒரு காரியம் செய்தது. சுமார் 5,000 ஆரம்பப் பள்ளிகளில் படித்த 50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம், "வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொன்னது. பெரிய பண்டிதர்கள் அல்ல, பதினோரு வயதிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள பொடிசுகள். கதை, வைத்தியம், விளையாட்டு, விடுகதை, வெண்ணெய் கடைவது, பேய் என்று பாட நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள்! அந்த ஆணையத்தின் சேகரிப்பு முழுவதும் இன்றைக்கு டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கிறது. 2017-இல் யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. பிள்ளைகள் எழுதியவை கணினியிலும் ஏறிவிட்டன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

"அந்தப் பிள்ளைங்க அன்னைக்கு நோட்டு எடுக்கலேன்னா இன்னைக்கு அந்தப் பல்கலைக்கழகத்துல அந்த அறையே இருந்திருக்காது" என்று ஐயா முடித்தார். பின்வரிசை கைதட்டி எழுந்து கேன்டீனுக்கு ஓடியது. ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கோடை விடுமுறையில் அவன் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு மலையேறினான். "அப்பாயி, பாட்டு பாடு, எழுதிக்கிறேன்" என்று திண்ணையில் உட்கார்ந்தான். அப்பாயி வாயைத் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

"சும்மா உக்காந்துக்கிட்டுப் பாடச் சொன்னா எப்படி வரும்? சாமை குத்தும்போது பாடுறதுல்ல அது?"

பிரச்சினை அங்கேதான். சாமை எங்கே இருக்கிறது? பச்சைமலையில் இப்போது மேட்டுநிலமெல்லாம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லோடு லோடாகப் போகிறது. கையில் காசு வருகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் கிழங்கை யாரும் உரலில் போட்டுக் குத்துவதில்லை. கொஞ்சநஞ்சம் தானியத்தையும் மெஷின் அரைத்துக் கொடுத்துவிடுகிறது. வேலை போனால் கூடவே பாட்டும் போய்விடும். அந்த வீட்டின் உரல் கவிழ்த்துப் போடப்பட்டு, துணி துவைக்கிற கல்லாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

அவன் உரலை நிமிர்த்தினான். கழுவினான். பரணில் கிடந்த உலக்கையைத் தேடி எடுத்தான். பக்கத்து வீட்டில் இரண்டு படி சாமை கடன் வாங்கினான். அப்பாயி எழுந்து நின்று உலக்கையைப் பிடித்தது. நாலு குத்து விழுந்தது. ஐந்தாவது குத்தில், யாரும் கேட்காமலே பாட்டு வந்துவிட்டது! செல்போனை ஆன் செய்ய அவன் தட்டுத் தடுமாறுவதற்குள் இரண்டு வரி போய்விட்டது.

மூன்றாவது வரியோடு அப்பாயி நிறுத்திவிட்டது.

"ஏன் அப்பாயி நிறுத்திட்ட?"

"அடுத்தது அவ பாடணும்."

"எவ?"

"எதிர்ல நின்னு குத்துறவ."

அது இரண்டு உலக்கைப் பாட்டு. ஒருத்தி கேட்பாள், ஒருத்தி பதில் சொல்வாள். அப்பாயிக்குக் கேள்விகள் மட்டும்தான் தெரியும். எதிரில் நின்று குத்திய பக்கத்து வீட்டுப் பாட்டி இறந்துபோய் ஆறு வருடம் ஆகிறது. பதில்கள் அவளோடு போய்விட்டன.

யோசித்துப் பாருங்கள். அறுபது வருடம் பாடிய பாட்டில் பாதி ஒருத்தியின் வாயில் இருந்திருக்கிறது. அவள் போன அன்று ஊரே போய் அழுதது. அந்தப் பாதியும் போய்விட்டது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அழுதவர்களில் அவனும் ஒருவன். அப்போது அவன் பள்ளிக்கூடத்தில், தேர்வுக்காகப் பாட்டுகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

அப்பாயிக்கு ஒரு தங்கச்சி. தென்புறநாட்டுப் பக்கம் வாக்கப்பட்டுப் போனவர். இரண்டு மணி நேர நடை. அவன் போனான். சின்ன அப்பாயிக்குக் காது மந்தம். ஆனால் செல்போனை அவர் காதோரம் வைத்து அக்காவின் குரலைப் போட்டதும் முகம் மாறியது. அக்கா கேட்ட முதல் கேள்விக்கு, உலக்கையே இல்லாமல், கையால் தொடையில் தட்டிக்கொண்டு பதில் பாடினார். வார்த்தைகள் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தன. வாக்கப்பட்டுப் போன ஊரின் வார்த்தைகள். ஆனால் பாட்டு முழுதாகிவிட்டது. அந்த விடுமுறையில் அவன் எழுதியது பதினொரு பாட்டு. அதில் நான்கு பாதிப் பாட்டு. மீதிப் பாதி யாரிடம் இருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

மூன்றாமாண்டு முத்தமிழ் விழாவுக்கு முன்பு அவன் மன்றச் செயலாளரிடம் ஒரு யோசனை சொன்னான். போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம், மேக்கப் வேண்டாம். அவரவர் வீட்டுக் கிழவியிடமிருந்து ஒரு பாட்டோ கதையோ கொண்டுவந்து, யார் சொன்னது, எந்த ஊர், எந்த வேலை செய்யும்போது பாடியது என்று சொல்லிவிட்டுப் பாட வேண்டும். செயலாளர் தலையைச் சொறிந்தார். "லஞ்சுக்கு முன்னாடி இருபது நிமிஷம் இருக்கு, எடுத்துக்கோ" என்றார். கல்லூரி விழாவில் சாப்பாட்டுக்கு முந்தைய இருபது நிமிடம் என்றால் என்ன அர்த்தம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்!

ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். முசிறிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் நடவுப் பாட்டு கொண்டுவந்தாள். மணப்பாறைப் பையன் மாட்டுச் சந்தைக் கதை சொன்னான். உறையூரிலிருந்து வந்தவன் தறி ஓடும் சத்தத்தோடு தன் தாத்தா முணுமுணுக்கும் ஒரு தெம்மாங்கைக் கொண்டுவந்தான். இவன் எதுவும் பாடவில்லை. வேட்டி சட்டையில் மேடையேறி, இரண்டு அப்பாயிகளின் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு, மைக் முன்னால் செல்போனை வைத்தான். உலக்கை விழுகிற சத்தம். அக்கா கேட்டாள். தங்கச்சி பதில் சொன்னாள். இரண்டு மணி நேர நடைத் தொலைவில் இருக்கும் இரண்டு கிழவிகள் திருச்சியில் ஓர் அரங்கத்தில் சேர்ந்து சாமை குத்தினார்கள்.

அரங்கம் கண்ணீரில் மிதந்தது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். மீதிப் பேர் அமைதியாகக் கேட்டார்கள். அன்று மாலையே இன்னொரு டீம் இலைப் பாவாடை கட்டி "ஹூ... ஹா..." ஆடியது, விசில் பறந்தது. ஆனால் ஒன்று நடந்தது. ஹாஸ்டல் ஃபீஸுக்குக் கடன் கொடுத்த அந்த நண்பன், ராத்திரி ரூமுக்கு வந்து, "எங்க அம்மாச்சி ஒப்பாரி நல்லாப் பாடும்டா. எப்படி ரெக்கார்டு பண்றது?" என்று கேட்டான். போன வருடத்து இலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அயர்லாந்தில் ஓர் அரசாங்கம் முன்வந்து செய்தது. இங்கே நம்மிடம் என்ன இல்லை? 1982-இல் தொடங்கிய பாரதிதாசன் பல்கலைக்கழகம் இருக்கிறது. இசைக்கும் நாட்டியத்துக்கும் பட்டமே கொடுக்கிற, 1977-இல் தொடங்கிய கலைக்காவிரி இருக்கிறது. ஊருக்கு ஊர் தமிழ்த்துறை இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பிலும் அறுபது செல்போன்கள் இருக்கின்றன. பச்சைமலையின் அரசுப் பழங்குடியினர் பள்ளியில் படித்த ஒரு மாணவி 2024-இல் திருச்சி என்.ஐ.டி.யில் சேர்ந்தார் என்று எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. மலையிலிருந்து பிள்ளைகள் கீழே வந்துகொண்டிருக்கிறார்கள். வருகிறவர்களிடம் கல்லூரி ஒரு ஸ்டெப் கேட்கப் போகிறதா, ஒரு நோட்டு கொடுக்கப் போகிறதா என்பதுதான் கேள்வி. கல்ச்சுரல்ஸில் ஒரே ஒரு விதி சேர்த்தால் போதும்: எந்த ஊர் ஆட்டம் ஆடினாலும், அதை யாரிடம் கற்றாய் என்று ஒரு பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல முடியாதவன் இலையைக் கழற்றி வைத்துவிடட்டும்.

கடைசியாக ஒன்று. விழாவின் வீடியோவை அவன் ஊருக்கு எடுத்துப்போய் அப்பாயிக்குக் காட்டினான். இந்தத் தடவை அப்பாயிக்கு எல்லாம் புரிந்தது. தன் குரல், தங்கச்சி குரல், உலக்கைச் சத்தம். முழுக்கக் கேட்டது. பிறகு அரங்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களைக் காட்டி ஒரு சந்தேகம் கேட்டது.

"இத்தன பேரு இருக்காங்களே சாமி... ஒருத்தர்கூடக் குத்தல. அப்புறம் யாருக்குடா பாட்டு?"

அவனிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியையும் நோட்டில் எழுதிக்கொண்டான், பன்னிரண்டாவதாக.